தோல்விக்கு மறுநாள்

2022 ஜனவரி 23, ஞாயிறு இரவு. கன்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் ப்ளே-ஆஃப் ஆட்டம் முடிய 13 விநாடிகளே இருந்தன. பஃபலோ பில்ஸ் அணி 36-33 என்று முன்னால் நின்றது. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், 13 விநாடி மிச்சமிருக்கையில் முன்னால் நிற்கும் அணியின் ரசிகர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். அன்றும் தொடங்கினார்கள். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் பந்தை இரண்டே முறை எறிந்தார். டைரீக் ஹில்லுக்கு எறிந்தது 19 யார்டு, டிராவிஸ் கெல்சிக்கு எறிந்தது 25 யார்டு. மூன்று விநாடி இருக்கும்போது ஹாரிசன் பட்கர் 49 யார்டிலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே புகுந்தது. 36-36.

கூடுதல் நேரத்துக்கு நாணயம் சுண்டினார்கள். பஃபலோவின் ஜாஷ் ஆலன் பூ கேட்டார், விழுந்தது தலை. முதலில் பந்தைப் பெறும் அணி டச்டவுன் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்துவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது என்பது அன்றைய விதி. கன்சாஸ் சிட்டி 75 யார்டு கடந்து எடுத்தது. 42-36. அன்றிரவு 329 யார்டு எறிந்து நான்கு டச்டவுன் தந்திருந்த ஆலன், கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே இல்லை.

பஃபலோவில் ‘13 விநாடி’ என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு ரசிகரின் மனம் ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஆட்டத்தைத் திரும்ப ஆடுகிறது. ஆலன் கடைசியாக டச்டவுன் எறிந்ததும் பஃபலோ பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டி உதைத்துக் கொடுத்தது. அதில் கடிகாரம் ஒரு விநாடிகூட ஓடவில்லை. பந்து தரையோடு உருண்டு போகும்படி உதைத்திருந்தால் நாலைந்து விநாடி கழிந்திருக்குமே? தடுப்பாட்டக்காரர்கள் அவ்வளவு பின்தள்ளி நிற்காமல் இருந்திருந்தால்? நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால்? இந்தக் கேள்விகளில் எதற்கும் பயன் இல்லை என்பது கேட்பவருக்கே தெரியும். கேட்காமல் இருக்க முடிவதில்லை. எடுத்த முடிவு தப்பா, விதி தப்பா என்று தெரிந்துவிட்டால் மனம் ஆறும் என்று தோன்றுகிறது. பஃபலோ ரசிகர்களுக்கு அது தெரியவும் வந்தது. இரண்டே மாதத்தில், மார்ச் 29 அன்று, அணி உரிமையாளர்கள் 29-3 என்ற வாக்கில் விதியை மாற்றினார்கள்: ப்ளே-ஆஃப் ஆட்டங்களின் கூடுதல் நேரத்தில் இனி இரு அணிகளுக்கும் பந்து கிடைக்கும். அந்த இரவில் ஒரு நியாயக்குறைவு இருந்தது என்பதற்கு அதைவிட உறுதியான ஒப்புதல் கிடைக்காது. ஆட்டத்தின் முடிவு மட்டும் 42-36 என்றே இருந்தது.

ப்ளே-ஆஃப் தோல்வி மற்றத் தோல்விகளைப் போன்றதல்ல. செப்டம்பரில் தொடங்கும் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் ஒன்றில் தோற்றால் அடுத்த வாரம் இருக்கிறது. ஐ.பி.எல். போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிக்கு ஒருமுறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் அதுவும் கிடையாது. 14 அணிகள் ப்ளே-ஆஃப்புக்குள் வருகின்றன, தோற்ற கணத்தில் வெளியே போகின்றன. ஜனவரியில் தோற்றவருக்கு அடுத்த ஆட்டம் செப்டம்பரில். நான்கைந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வடிவம் இருந்தது. யார் வீட்டில் கூடுவது, யார் கோழிச் சிறகு வாங்கிவருவது என்பதெல்லாம் ஆட்டத்தை வைத்தே முடிவாயிற்று. திங்கள்கிழமை விடியும்போது அந்த வடிவம் போய்விடுகிறது. வெளியே ஆளுயரப் பனி. ரசிகரின் துக்கத்தில் பாதி, இந்த வெறுமையால் வருவது.

இந்தத் துக்கத்தை ஏளனம் செய்வது எளிது. அப்படிச் செய்பவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை. ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோ, 1825-இல் ஈரி கால்வாய் திறந்தபின் எழுந்த நகரம். அமெரிக்காவின் நடுப்பகுதி விளைவித்த கோதுமை ஏரி வழியாக இங்கே வந்து இறங்கியது. ஏரிக்கரையில் இன்றும் நிற்கும் மாபெரும் தானியக் கிடங்குகள் அந்தக் காலத்தின் மிச்சம். பக்கத்து லக்கவானாவில் பெத்லகேம் ஸ்டீல் ஆலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பிறகு கப்பல்கள் செயிண்ட் லாரன்ஸ் நீர்வழியில் பஃபலோவைத் தவிர்த்துப் போயின. 1983-இல் லக்கவானாவில் எஃகு உருக்குவது நின்றது. 1950-இல் 5,80,132 பேர் வாழ்ந்த நகரில் 2010-இல் இருந்தவர்கள் 2,61,310 பேர். வேலை தேடித் தெற்கே போனவர்கள் அணியை மட்டும் விடவில்லை. நாட்டின் பல நகரங்களில் பில்ஸ் ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்பதற்கென்றே அவர்கள் கூடும் மதுக்கடைகள் உண்டு. பிறந்த ஊரோடு வாரம் மூன்று மணி நேரம் இருப்பதற்கான வழி அது. அணி தோற்றால் அவர்களுக்கு ஊருக்கே ஏதோ ஆகிவிட்டதுபோல் இருப்பதில் வியப்பில்லை.

உண்மையான துக்கம் எதுவென்று அந்த ஊருக்குத் தெரியாமலும் இல்லை. ‘13 விநாடி’ நடந்த அதே ஆண்டு மே 14 அன்று ஜெஃபர்சன் அவென்யூவில் உள்ள டாப்ஸ் பலசரக்கு அங்காடியில், இனவெறி பிடித்த ஒருவன் கறுப்பினத்தவர் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த வாரமே பில்ஸ் வீரர்கள் அந்தத் தெருவுக்குப் போய் உணவு வழங்கினார்கள். ஜனவரியில் ஆட்டத்துக்காக அழுதவர்கள் மே மாதம் வேறு அழுகை அழுதார்கள். இரண்டையும் யாரும் ஒன்றாக வைக்கவில்லை. விளையாட்டுக்காக வருந்துகிறவருக்கு வாழ்க்கையின் அளவுகோல் தெரியாது என்பது, தள்ளி நின்று பார்ப்பவர்கள் சொல்லும் பேச்சு.

பஃபலோவின் தோல்விகளுக்கு ஒரு நீண்ட வரிசை உண்டு. 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்ற ஒரே அணி பில்ஸ். 2000 ஜனவரி 8 அன்று டென்னசியிடம், 16 விநாடி இருக்கையில் முன்னிலை பெற்றும், எதிரணியின் கெவின் டைசன் 75 யார்டு ஓடியதில் தோற்றது. அதன் பிறகு 17 ஆண்டுகள் ப்ளே-ஆஃப் பக்கமே வரவில்லை. இந்த வரிசையில் மற்றவற்றை இப்படி ஒரு வரியில் தாண்டிப் போகலாம். முதலாவதை அப்படித் தாண்ட முடியாது.

1991 ஜனவரி 27, ஃபுளோரிடாவின் தம்பா. எதிரணி நியூயார்க் ஜயண்ட்ஸ். எட்டு விநாடி இருக்கையில் ஜயண்ட்ஸ் 20, பில்ஸ் 19. பஃபலோவின் கிக்கர் ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைக்க வேண்டும். போனால் மூன்று புள்ளி, கோப்பை. அவர் ஆடிப் பழகிய சொந்த மைதானத்தில் செயற்கைப் புல். தம்பாவில் இயற்கைப் புல். 47 யார்டு அவருக்கு எளிய தூரமும் அல்ல. உதைத்த பந்துக்கு உயரம் இருந்தது, நீளம் இருந்தது. வலது கம்பத்துக்கு வெளியே போயிற்று.

கிக்கரின் வேலை விசித்திரமானது. மற்றவர்கள் மூன்று மணி நேரம் மோதி உருண்டு அழுக்காகும்போது அவர் ஓரத்தில் நிற்கிறார். அவருடைய பணி முழுவதும் சேர்ந்து சில விநாடிகள். பந்தை எறியும் குவாட்டர்பேக் பத்து முறை தவறிப் பதினோராவது முறை ஈடுசெய்யலாம். கிக்கருக்கு அந்த வசதி இல்லை, அதிலும் கடைசி உதையில் இல்லவே இல்லை. ஆகவே தோல்வி அவர் பெயரில் எழுதப்படுகிறது.

அந்த ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தால் அப்படி எழுத நியாயம் கிடையாது. அறுபது நிமிட ஆட்டத்தில் ஜயண்ட்ஸ் 40 நிமிடம் 33 விநாடி பந்தைத் தம்மிடமே வைத்திருந்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஒரே மூச்சில் ஒன்பதரை நிமிடம் போல் பந்தை நகர்த்தி டச்டவுன் எடுத்தது. பஃபலோவின் வேகமான தாக்குதல் ஆட்டம் அதுவரை லீகையே மிரட்டிக்கொண்டிருந்தது. அதை மைதானத்துக்கு வெளியே உட்கார வைப்பதுதான் ஜயண்ட்ஸ் பயிற்சியாளர் பில் பார்சல்ஸின் திட்டம், அது பலித்தது. தோல்வி 47 யார்டில் நடந்ததல்ல. ஆட்டம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து, கடைசியில் ஒருவர் காலடியில் போய் விழுந்தது. ஆட்டத்தை ஆழ்ந்து பார்க்கிற ரசிகருக்கு இது தெரியும். தெரிந்தும் பழி ஓர் உடலைத் தேடுகிறது.

உலகக் கால்பந்தில் அதன் விலை என்ன என்பதற்குச் சான்று உண்டு. 1950 ஜூலை 16 அன்று, உலகக் கோப்பையை முடிவுசெய்த ஆட்டத்தில், மரக்கானாவில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றபோது, 79-ஆவது நிமிட கோலைத் தடுக்கத் தவறிய கோல்காப்பாளர் மொசிர் பார்போசா, 2000-இல் இறக்கும்வரை அந்த ஒரு கணத்துக்காகவே சுட்டிக்காட்டப்பட்டார். அரை நூற்றாண்டு! 1994 உலகக் கோப்பையில் தவறுதலாகத் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தை அனுப்பிய கொலம்பியாவின் அந்திரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாள்களில் மெடயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தம்பாவில் தோற்ற இரவு நார்வுட் உடைமாற்றும் அறையில் நீண்ட நேரம் நின்று நிருபர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். காற்றைக் குறை சொல்லவில்லை, புல்லைக் குறை சொல்லவில்லை, பந்தைப் பிடித்துக் கொடுத்தவரையும் சொல்லவில்லை. மறுநாள் அணி ஊர் திரும்பியது. நகர மண்டபத்துக்கு எதிரே நயாகரா சதுக்கத்தில், ஜனவரிக் குளிரில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். வீரர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நார்வுட் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும் என்று அவர் முன்னே வரும்வரை விடவில்லை. வந்தவருக்குப் பேச்சு வரச் சற்று நேரம் ஆயிற்று. இப்போது உணர்வதைவிட அதிகமான அன்பைத் தாம் என்றும் உணர்ந்ததில்லை என்ற பொருளில் அவர் சொன்னார்.

விளையாட்டு வரலாற்றில் வெற்றி ஊர்வலங்களுக்குக் குறைவில்லை. தோற்றுத் திரும்பியவர்களுக்கு, அதிலும் தோல்விக்குக் காரணமானவர் என்று நாடு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, இருபத்துநான்கு மணி நேரம் ஆவதற்குள் கிடைத்த அந்த வரவேற்புக்கு நிகராகச் சொல்லக்கூடியவை மிகச் சில.

ரசிகர்களின் இயல்பு பொதுவாக வேறு மாதிரி. சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகக் கால்பந்து அணி சனிக்கிழமை வென்றால், திங்கள்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களில் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டை போட்டவர்கள் அதிகமாக இருந்தார்கள், தோற்றால் குறைந்தார்கள். வெற்றியின் ஒளியில் குளிர்காய்வதும் தோல்வியிலிருந்து நைசாக நழுவுவதும் மனித இயற்கை என்று அது காட்டியது. அந்த இயற்கைக்கு எதிராக ஒரு நகரம் திங்கள்கிழமை சட்டையைக் கழற்றாமல் சதுக்கத்துக்கு வந்தது என்பதுதான் செய்தி.

அந்தப் பழக்கம் பின்னர் வேறு உருவம் எடுத்தது. பில்ஸ் ரசிகர்கள் தங்களைப் ‘பில்ஸ் மாஃபியா’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரின் தோற்றத்திலேயே ஒரு தவறவிட்ட பந்து இருக்கிறது. 2010 நவம்பரில் பிட்ஸ்பர்க் அணியுடன் நடந்த ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், வெற்றியைத் தந்திருக்கக்கூடிய பந்தை ஸ்டீவ் ஜான்சன் கைநழுவ விட்டார். அதையொட்டி ட்விட்டரில் நடந்த பேச்சிலிருந்து பிறந்த பெயர் அது. 2017-இன் கடைசி நாளில் சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் எறிந்த 49 யார்டு டச்டவுன் பால்டிமோரை வீழ்த்தியதால் பில்ஸுக்குப் ப்ளே-ஆஃப் இடம் கிடைத்தது. 17 ஆண்டு வறட்சி முடிந்தது. நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவும் டால்டனின் அறக்கட்டளைக்குப் பஃபலோக்காரர்கள் ஆளுக்கு 17 டாலர் அனுப்பினார்கள். மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2020 நவம்பரில் ஜாஷ் ஆலனின் பாட்டி பட்ரீஷியா ஆலன் இறந்தபோது, பேரனின் சீருடை எண்ணும் 17 என்பதால், ஓய்ஷை குழந்தைகள் மருத்துவமனைக்கு மறுபடியும் 17 டாலர். இம்முறை பத்து லட்சத்தைத் தாண்டியது; மருத்துவமனையின் ஒரு பிரிவு இன்று அந்தப் பாட்டியின் பெயரைத் தாங்குகிறது. ‘13 விநாடி’ இரவுக்குப் பிறகு வென்றவர்களின் பக்கமிருந்தும் பணம் வந்தது. கன்சாஸ் சிட்டி ரசிகர்கள் அதே மருத்துவமனைக்கு ஆளுக்கு 13 டாலர் அனுப்பினார்கள்.

பதினேழு டாலர் கொடுப்பது பெரிய தியாகமா என்று கேட்கலாம். இல்லை. ஆனால் தோற்றவரின் மனதில் கொந்தளிக்கும் ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அது வசையாகப் போகலாம், ஒரு மருத்துவமனைக்கும் போகலாம். எங்கே போக வேண்டும் என்று ஓர் ஊர் பழகி வைத்திருப்பது சிறிய காரியம் அல்ல.

அந்தப் பழக்கத்துக்குக் கடுமையான சோதனை 2024 ஜனவரியில் வந்தது. அந்த மாதம் பனிப்புயலால் பிட்ஸ்பர்க் அணியுடனான ஆட்டமே ஒருநாள் தள்ளிப்போயிற்று. இருக்கைகளை மூடிய பனியை வாரிக்கொட்ட மணிக்கு 20 டாலர் கூலி என்று நிர்வாகம் அழைத்தது; ரசிகர்கள் மண்வாரியோடு வந்தார்கள். அந்த ஆட்டத்தில் வென்றாயிற்று. அடுத்த ஞாயிறு, ஜனவரி 21, ஆர்ச்சர்ட் பார்க்கில் சொந்த மைதானத்தில் மீண்டும் கன்சாஸ் சிட்டி. 27-24 என்று மூன்று புள்ளி பின்தங்கிய நிலை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். கிக்கர் டைலர் பாஸ் 44 யார்டிலிருந்து உதைத்தார். பந்து வலப்பக்கம் வெளியே போயிற்று. 33 ஆண்டுக்கு முன் தம்பாவில் போன அதே பக்கம்.

அன்றிரவே பாஸுக்கு வசைகளும் மிரட்டல்களும் குவிந்தன. அவர் தம் சமூக வலைக் கணக்குகளை மூடினார். இதை மறைத்துவிட்டுப் பஃபலோவின் பெருந்தன்மையை மட்டும் பாடுவது பொய்யாகும். 1991-இல் திட்ட நினைத்தவர் சதுக்கத்துக்கு வந்து, பக்கத்தில் நிற்பவர் பார்க்க, உரக்கத் திட்ட வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அதற்கு வாய் வரவில்லை. கைபேசி அந்தக் கூச்சத்தை நீக்கிவிட்டது. இருபதாயிரம் பேர் கூடி நிற்கையில் ஒருவரின் ஆத்திரம் மற்றவரின் முகத்தைப் பார்த்து அடங்கும். தனியறையில், நள்ளிரவில், அடங்குவதற்கு எதிரே முகம் கிடையாது. ரசிகரின் குணம் கெட்டுவிட்டது என்பதைவிட, தோல்வியைச் சேர்ந்து நின்று தாங்கும் இடம் குறைந்துவிட்டது என்பதே சரியாக இருக்கும்.

ஆனால் சதுக்கம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ‘டென் லைவ்ஸ் கிளப்’ என்பது பஃபலோ வட்டாரத்தில் கைவிடப்பட்ட பூனைகளைக் காக்கும் அமைப்பு. பாஸ் முன்பே அதன் பரப்புரைக்குத் துணைநின்றவர். ஆட்டத்துக்கு மறுநாள் அந்த அமைப்பு, எங்கள் நண்பரைத் துன்புறுத்தாதீர்கள் என்ற பொருளில் ஒரு வேண்டுகோள் வைத்தது. ஆளுக்கு 22 டாலராகப் பணம் வரத் தொடங்கியது. சில நாள்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அனுப்பியவர்களில் பலர் முந்தைய இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். அந்த உதை உள்ளே போயிருக்க வேண்டும் என்று அவர்களும்தான் ஏங்கியவர்கள். பழியைத் தேடும் மனம் அவர்களுக்கும் உண்டு. அதற்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு கிக்கர்களின் கதையும் அத்தோடு நிற்கவில்லை. நார்வுட்டை அணி விலக்கவில்லை. அடுத்த பருவத்தில், 1992 ஜனவரி 12 அன்று டென்வருக்கு எதிரான அரையிறுதியை ஒத்த ஆட்டத்தில் பில்ஸ் 10-7 என்று வென்று மறுபடி சூப்பர் பௌலுக்குப் போனது. அந்த மூன்று புள்ளி வித்தியாசம் நார்வுட் 44 யார்டிலிருந்து அடித்த உதை. டைலர் பாஸ் 2024 நவம்பர் 3 அன்று, தான் தவறவிட்ட அதே மைதானத்தில், மயாமிக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் 61 யார்டிலிருந்து அடித்து 30-27 என்று ஆட்டத்தை வென்று கொடுத்தார். பில்ஸ் வரலாற்றிலேயே மிக நீண்ட ஃபீல்டு கோல் அது.

நம்பிக்கை வைத்ததற்குக் கிடைத்த பரிசு என்று இதைப் படிக்கத் தோன்றும். அப்படிப் படித்தால் ரசிகர்கள் செய்ததன் பெருமை குறைந்துவிடும். இந்த உதைகளால் எந்தத் தோல்வியும் திரும்பப் பெறப்படவில்லை. பில்ஸ் அந்த இரண்டு பருவங்களிலும் கோப்பையைத் தொடவில்லை. 1991 ஜனவரி 28 அன்று ஸ்காட் நார்வுட்டைக் கூப்பிட்டவர்களுக்கு டென்வர் ஆட்டத்தைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. 22 டாலர் அனுப்பியவர்களுக்கு 61 யார்டைப் பற்றியும் தெரியாது. தோற்றவர்களாகவே இரு கிக்கர்களையும் தங்களவர் என்று ஏற்றுக்கொண்டார்கள்.